துருவிப் பார்க்கிற புத்தி

ஹேக்கர் ஆக வேண்டும் என்று கேட்டு வருகிற இளைஞர்கள் பெரும்பாலும் ஒரு கருவியின் பெயரைத்தான் முதலில் கேட்கிறார்கள். எதை இன்ஸ்டால் செய்ய வேண்டும், எந்த கோர்ஸ் நல்லது, எத்தனை மாதத்தில் வரும் என்று. பதிலுக்கு நான் ஒன்று கேட்பது வழக்கம். "உங்கள் கணினியில் சமீபத்தில் ஏதாவது காரணம் புரியாமல் நடந்ததா? அப்போது என்ன செய்தீர்கள்?" ரீஸ்டார்ட் செய்தேன், சரியாகிவிட்டது என்று சொல்பவர்களே அதிகம். சரியான பிறகும், ஏன் அப்படி ஆனது என்று மண்டையைக் குடைந்துகொண்டே இருந்ததாகச் சொல்பவர் எப்போதாவது ஒருவர் வருவார். அவருக்கு நான் சொல்லிக்கொடுக்க அதிகம் இருக்காது. கருவிகளெல்லாம் போகப் போகப் பழகிவிடும்.

நான் இதைக் கற்றுக்கொண்டது ஒரு அலுவலக மென்பொருளிடம். ஒரு பதிவைச் சேமிக்கும்போதெல்லாம் திரை கொஞ்ச நேரம் அப்படியே நிற்கும். எல்லோருக்கும் பழகிப்போயிருந்தது. கேட்டால், "அது அப்படித்தான், கொஞ்சம் ஸ்லோ" என்பார்கள். ஒரு தரப்பு பெரிய சர்வர் வாங்கலாம் என்றது. இன்னொரு தரப்பு மொத்தத்தையும் புதிதாக எழுதிவிடலாம் என்றது. எவ்வளவு நேரம் நிற்கிறது என்று இரண்டு தரப்புமே அளந்து பார்த்திருக்கவில்லை.

அளந்தேன். 5.02 நொடி. மறுபடி 5.03. மறுபடி 5.02. எல்லோரும் வேலை செய்கிற நேரத்திலும் அதே 5, ஆளில்லாத நேரத்திலும் அதே 5. உண்மையிலேயே திணறுகிற சர்வர் இப்படி ஒழுங்காகத் திணறாது. ஒருமுறை 2 நொடி, ஒருமுறை 9 நொடி என்று ஏறி இறங்கும். ஒவ்வொரு முறையும் ஒரே எண் வந்தால், அங்கே வேலை எதுவும் நடக்கவில்லை, புரோகிராம் எதற்காகவோ காத்திருக்கிறது என்று அர்த்தம். அந்த 5 என்ற எண்ணை யாரோ ஒரு மனிதர் எங்கோ ஒரு புரோகிராமின் சோர்ஸ் கோடில் எழுதியிருக்க வேண்டும். பிராசசர் எவ்வளவு உழைக்கிறது என்று பார்த்தேன். அந்த 5 நொடியும் சும்மாதான் இருந்தது.

லினக்ஸ் இயங்குதளத்தில் எஸ்ட்ரேஸ் என்று ஒரு கருவி உண்டு. ஒரு புரோகிராம் இயங்குதளத்திடம் கேட்கிற ஒவ்வொன்றையும் வரி வரியாகக் காட்டும்: இந்தக் கோப்பைத் திற, இதைப் படி, இந்த முகவரிக்கு இதை அனுப்பு. ஓடிக்கொண்டிருந்த புரோகிராமோடு அதை இணைத்துவிட்டு ஒரு பதிவைச் சேமித்தேன். வரிகள் சரசரவென்று ஓடி ஒரு இடத்தில் நின்றன. கடைசி வரியில், பதில் வரும்வரை காத்திருக்கச் சொல்கிற 'போல்' (poll) என்ற அழைப்பு, அதன் ஓரத்தில் 5000 என்ற எண். மில்லிநொடிக் கணக்கு. அதற்கு மேல் வரியில் ஏதோ ஒரு முகவரியின் 53ஆம் போர்ட்டுக்கு (ஒரு சேவைக்கான வாசல் எண்) ஒரு சின்னப் பாக்கெட் போயிருந்தது. 53 என்றால் டிஎன்எஸ், அதாவது பெயரைக் கொடுத்து ஐபி என்கிற எண் முகவரியைக் கேட்கிற சேவை. 5 நொடி கழித்து டைம்அவுட் என்று வந்தது. உடனே அதே கேள்வி வேறொரு முகவரிக்குப் போனது. அங்கிருந்து கண்மூடித் திறப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

மிச்சம் எளிது. ரிசால்வ் டாட் கான்ஃப் என்கிற கோப்பில் இரண்டு டிஎன்எஸ் சர்வர்களின் முகவரி இருந்தது. முதலாவது, எப்போதோ கழற்றி எடுக்கப்பட்ட ஒரு இயந்திரத்துடையது. அந்தக் கோப்புக்கான மேன் பக்கத்தில், அதாவது லினக்ஸோடு வருகிற கையேட்டில், தெளிவாகவே போட்டிருக்கிறது: வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால், பதிலுக்காகக் காத்திருக்கும் நேரம் 5 நொடி.

அந்த ஒரு வரியை நீக்கினால் பிரச்சினை போய்விடும். ஆனால் அதோடு நின்றுவிட்டால் பாதி வேலைதான் ஆகியிருக்கும். அந்தக் கோப்பை எழுதியது யார்? கையால் யாரும் எழுதவில்லை, நெட்வொர்க்கில் சேரும் இயந்திரங்களுக்கு அமைப்புகளைத் தானாகக் கொடுக்கிற டிஎச்சிபி சர்வர் கொடுத்த தகவல் அது. அப்படியானால் அந்த நெட்வொர்க்கில் இருக்கிற எல்லா இயந்திரங்களிலும் இதே 5 நொடி ஒளிந்திருக்கிறது. பிறகு ஏன் மற்றவர்கள் கவனிக்கவில்லை? பிரவுசர் ஒருமுறை கேட்ட பதிலைக் கொஞ்ச நேரம் ஞாபகம் வைத்துக்கொள்ளும். எங்கள் மென்பொருளோ ஒவ்வொரு சேமிப்புக்கும் புதிதாக இணைப்பு ஏற்படுத்தி, ஒவ்வொரு முறையும் பெயரை முதலிலிருந்து கேட்டது. டிஎச்சிபி அமைப்பைத் திருத்தினோம். இணைப்பைத் திறந்தே வைத்திருக்கும்படி மென்பொருளை மாற்றினோம். அப்புறம், கண்டுபிடித்த விதத்தை எஸ்ட்ரேஸ் வரிகளோடு சேர்த்து எல்லோரும் படிக்கும்படி எழுதி வைத்தேன். அதைப் படித்த வேறொரு குழுவினர் தங்கள் பேக்கப் ஏன் இழுத்தடிக்கிறது என்பதைத் தாங்களே கண்டுபிடித்துக்கொண்டார்கள்.

என்னைப் பொறுத்தவரை ஹேக்கராக இருப்பது என்றால் இதுதான். ஒத்துவராத ஒரு சின்ன விஷயத்தை விடாமல் பிடித்துக்கொள்வது, ஒவ்வொரு அடுக்காக இறங்கிக் கண்ணால் பார்க்கிற வரை போவது, பார்த்ததை மற்றவர்களுக்குக் கொடுப்பது. அடுத்தவர் பாஸ்வேர்டைத் திருட இதில் எதுவும் தேவையில்லை. ஒரு போலி லாகின் பக்கமும் கூச்சமில்லாத மனசும் போதும்.

சின்ன விஷயம் என்றால் எவ்வளவு சின்னது என்று கேட்கலாம். 2024 மார்ச்சில் ஆண்ட்ரெஸ் ஃபிராய்ண்ட் விடாமல் பிடித்துக்கொண்டது அரை நொடியை. அவர் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தை உருவாக்குகிறவர்களில் ஒருவர், பாதுகாப்புத் துறைக்காரர் அல்ல. ஏதோ வேகச் சோதனை செய்துகொண்டிருந்தபோது, தன் டெபியன் லினக்ஸ் கணினியில், தொலைவிலிருந்து லாகின் செய்ய உதவுகிற எஸ்எஸ்எச் சேவை தேவைக்கு மேல் பிராசசரைத் தின்பதைப் பார்த்தார். சுமார் 0.3 நொடியில் முடிய வேண்டிய லாகின் 0.8 நொடி எடுத்தது. சில வாரங்களுக்கு முன் நினைவகப் பிழைகளைத் தேடுகிற வால்கிரைண்ட் கருவி காட்டிய ஒரு விநோதமான எச்சரிக்கையும் அவருக்கு ஞாபகம் வந்தது. இறங்கிப் பார்த்தால், கோளாறு எஸ்எஸ்எச்சிலேயே இல்லை. எக்ஸ்இசட் என்கிற, கோப்புகளைச் சுருக்குகிற நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் ஒரு பின்வாசல் வைக்கப்பட்டிருந்தது. சில லினக்ஸ் வெளியீடுகளில் எஸ்எஸ்எச் வேறொரு நூலகத்தின் வழியாக இதையும் கூடவே இழுத்துக்கொள்ளும். அந்த வழியில்தான் பின்வாசல் உள்ளே போனது.

அதை வைத்தவர் ஜியா டான் என்ற பெயரில் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒழுங்காக பேட்ச் (திருத்தங்கள்) அனுப்பி, நம்பிக்கை சம்பாதித்து, பராமரிப்பாளர் உரிமையே பெற்றிருந்தார். தீங்கான புரோகிராம் கோடு சோதனைக் கோப்புகள் போலத் தெரிந்த பைனரிகளுக்குள் இருந்தது. அதைத் தட்டி எழுப்புகிற துண்டு, மாற்றங்களின் வரலாற்றை வைத்திருக்கிற கிட் களஞ்சியத்தில் இல்லை, தரவிறக்கத்துக்கு வைக்கிற தொகுப்பில் மட்டும் இருந்தது. களஞ்சியத்தைப் படித்துப் பார்த்துத் திருப்தி அடைகிறவர் கண்ணில் படாது. மார்ச் 29 அன்று ஃபிராய்ண்ட் இதை வெளிப்படையாக எழுதினார். பெரிய லினக்ஸ் வெளியீடுகளின் நிலையான பதிப்புகளுக்குள் போவதற்கு முன்பே அது பிடிபட்டது. அரை நொடிதானே என்று அவர் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை இன்றும் என்னால் நிம்மதியாக நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இதற்கும் முன்பு, 1986இல், லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் கணினி நேரக் கணக்கு 75 சென்ட் உதைத்தது. கிளிஃபர்ட் ஸ்டோல் என்ற வானியலாளர் அதைத் துருவிக்கொண்டே போனார். அமெரிக்க ராணுவக் கணினிகளுக்குள் ஜெர்மனியிலிருந்து நுழைந்து, எடுத்த தகவலை சோவியத் உளவு அமைப்பான கேஜிபிக்கு விற்றுக்கொண்டிருந்த ஆளிடம் அது கொண்டுபோய் விட்டது.

சரி, இந்தப் புத்தியை வளர்த்துக்கொள்வது எப்படி? நான் செய்து பார்த்துப் பலன் கண்டதைச் சொல்கிறேன்.

முதலில் அளவு. "ஸ்லோவாக இருக்கிறது", "சில சமயம் வேலை செய்யவில்லை" என்பதையெல்லாம் ஒரு எண்ணாகவோ, திரும்பத் திரும்ப நடத்திக் காட்டக்கூடிய ஒரு செயலாகவோ மாற்றாமல் அடுத்த அடி எடுத்து வைக்காதீர்கள். பிழையை விரும்பும்போது வரவழைக்க முடிந்தால் பாதிக் கிணறு தாண்டிய மாதிரி. அடுத்தது, ஒவ்வொரு சோதனைக்கும் முன்னால் "இது இப்படி இருக்கும் என்று நினைக்கிறேன்" என்று ஒரு வரி எழுதிவிடுங்கள். நான் ஒரு சாதாரண டெக்ஸ்ட் கோப்பில் எழுதுவேன். எழுதாவிட்டால், விடை தெரிந்த பிறகு "நான் அப்போதே நினைத்தேன்" என்று மனசு நம்மையே ஏமாற்றும். அதைவிட முக்கியம், ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம். மூன்றை ஒன்றாக மாற்றி, பிரச்சினை போய்விட்டால், எதனால் போனது என்று தெரியாது. எதனால் போனது என்று தெரியாதது திரும்பி வரும்.

இன்னொரு பழக்கம், எந்த அடுக்கையும் மாயமாக நினைக்காமல் இருப்பது. லினக்ஸ் டெர்மினலில் எல்எஸ் கட்டளையை எஸ்ட்ரேஸ் வழியாக ஓட்டிப் பாருங்கள். ஒரு கோப்புப் பட்டியலைக் காட்ட எத்தனை வேலை நடக்கிறது என்பது புரியும். நூலகங்களைத் தேடித் திறப்பது, அடைவைத் திறப்பது, கெட்டென்ட்ஸ்64 என்ற அழைப்பில் பெயர்களை வாங்குவது, ரைட் அழைப்பில் திரைக்கு அனுப்புவது. முதல் தடவை முக்கால்வாசி வரிகள் புரியாது. பரவாயில்லை. ஒவ்வொரு அழைப்புக்கும் மேன் பக்கம் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒன்று படித்தால் போதும். நெட்வொர்க்கில் நடப்பதைப் பார்க்க டிசிபிடம்ப், வயர்ஷார்க். ஓடுகிற புரோகிராமை நிறுத்தி உள்ளே பார்க்க ஜிடிபி. இவற்றில் எதையும் முழுதாகக் கற்றுத் தேற வேண்டியதில்லை, தேவை வரும்போது இறங்கப் பயப்படாமல் இருந்தால் போதும்.

மற்றவர்களின் சோர்ஸ் கோடைப் படிப்பதுதான் இதில் ஆகப் பெரிய பயிற்சி, ஆகக் குறைவாகப் பேசப்படுவதும் அதுதான். புதியவர்கள் ஒரு பெரிய புராஜெக்ட்டைத் திறந்து முதல் கோப்பின் முதல் வரியிலிருந்து தொடங்குகிறார்கள், இரண்டாம் நாள் அலுத்துப்போய் மூடிவிடுகிறார்கள். நான் செய்வது வேறு. அந்த மென்பொருள் திரையில் காட்டுகிற ஒரு பிழைச் செய்தியை எடுத்து, அதே சொற்களை சோர்ஸ் கோடு முழுவதும் கிரெப் கட்டளையால் தேடுவேன். அது அச்சாகிற இடம் கிடைக்கும். அங்கிருந்து மேலே: இந்த ஃபங்ஷனை யார் அழைக்கிறார்கள், அவர்களை யார் அழைக்கிறார்கள். இப்படி நாலைந்து படி ஏறினால் அந்த மென்பொருளின் முதுகெலும்பு தெரிந்துவிடும். விநோதமான ஒரு வரி கண்ணில் பட்டால், கிட் வரலாற்றில் அதை எழுதியவர் என்ன காரணம் சொல்லியிருக்கிறார் என்று பார்ப்பேன். முட்டாள்தனமாகத் தெரிகிற பல வரிகளுக்குப் பின்னால் யாரோ தூக்கம் கெட்ட ஓர் இரவு இருக்கும்.

முன்பு ஒழுங்காக ஓடியது இப்போது ஓடவில்லை என்றால் கிட் பைசெக்ட் இருக்கிறது. ஒழுங்காக இருந்த பதிப்பையும் கெட்டுப்போன பதிப்பையும் சொல்லிவிட்டால், நடுவில் உள்ளதை எடுத்துக் கொடுத்து நல்லதா கெட்டதா என்று கேட்கும். 1000 மாற்றங்கள் இருந்தாலும் ஏறக்குறைய 10 சோதனையில் கெடுத்த மாற்றத்தைக் காட்டிவிடும். கோடு முழுவதும் தெரிந்திருக்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

எதை எழுதிப் பழகுவது என்ற கேள்விக்கு என்னிடம் ஒரே பதில்தான்: உங்களுக்கே தொல்லை தருகிற ஒன்றை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது பல்கலைக்கழக சர்வரோடு பேச ஒரு டெர்மினல் புரோகிராம். அதில் கோப்புகளை இறக்கிச் சேமிக்க ஆசை வந்தது, அதற்கு டிஸ்க் டிரைவர் வேண்டியிருந்தது, பிறகு கோப்பு அமைப்பு வேண்டியிருந்தது. ஒவ்வொன்றாகச் சேர்ந்து லினக்ஸ் இயங்குதளமாகவே வளர்ந்தது. எடுத்த எடுப்பில் உலகத்தை மாற்றுகிற புராஜெக்ட் தேடுகிறவர்கள் தேடிக்கொண்டே இருப்பதைத்தான் நான் பார்த்திருக்கிறேன்.

பாதுகாப்புப் பக்கம் போக விரும்புகிறவர்களுக்குத் தனியாகச் சில சொல்ல வேண்டும். தாக்குதல் வரிகளை மனப்பாடம் செய்யாதீர்கள். அவை ஏன் பலிக்கின்றன என்று பாருங்கள். தரவுத்தளத்தை ஏமாற்றுகிற எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் தாக்குதலில், பெயர்ப் பெட்டியில் போடுகிற ஒற்றை மேற்கோள் குறி, "தரவு இத்தோடு முடிந்தது" என்று தரவுத்தளத்திடம் சொல்லிவிடுகிறது. அதற்குப் பின் தட்டச்சியதெல்லாம் கட்டளையாகிவிடுகிறது. தரவையும் கட்டளையையும் ஒரே சரமாக ஒட்டி அனுப்பியதுதான் வினை, இரண்டையும் தனித்தனியாக அனுப்பினால் அந்த வாசலே இல்லை. பழைய சி மொழியின் கெட்ஸ் ஃபங்ஷனும் இதே குடும்பம்தான். உள்ளே வருவது எவ்வளவு நீளம் என்று பார்க்காமல் எழுதிக்கொண்டே போகும். இடம் தீர்ந்த பிறகும் எழுதினால், ஃபங்ஷன் எங்கே திரும்ப வேண்டும் என்கிற முகவரியின் மேலேயே எழுதிவிடும். வெளியாள் அனுப்பிய தரவு, புரோகிராம் அடுத்து எங்கே போக வேண்டும் என்பதைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடும். 2011இல் வந்த சி தரத்தில் அந்த ஃபங்ஷனையே எடுத்துவிட்டார்கள். தரவு எந்த இடத்தில் கட்டளையாக மாறுகிறது என்ற ஒரே கேள்வியோடு எந்த மென்பொருளைப் பார்த்தாலும் ஏதாவது கண்ணில் படும்.

அந்த கெட்ஸ் ஓட்டைதான் 1988 நவம்பர் 2 அன்று மோரிஸ் புழு (தானாகவே கணினிக்குக் கணினி பரவுகிற புரோகிராம்) பரவிய வழிகளில் ஒன்று. ஒரு கணினியில் யார் இருக்கிறார்கள் என்று சொல்கிற ஃபிங்கர் சேவையில் 512 பைட் இடத்துக்கு மேல் அனுப்பி உள்ளே நுழைந்தது. எழுதியவர் கார்னெல் பல்கலைக்கழக மாணவர் ராபர்ட் மோரிஸ். ஏற்கெனவே தொற்றிய இயந்திரத்திலேயே மறுபடியும் மறுபடியும் தொற்றியதால் ஆயிரக்கணக்கான இயந்திரங்கள் மூச்சுத் திணறி நின்றன. அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பு, 400 மணி நேர சமூக சேவை, 10,050 டாலர் அபராதம். திறமை இருந்தது, ஆர்வம் இருந்தது. சோதித்துப் பார்த்தது மட்டும் அடுத்தவர்களின் இயந்திரங்களில். இந்த விஷயத்தில் நான் யாருக்கும் சலுகை கொடுப்பதில்லை. எழுத்தில் அனுமதி இல்லாமல் அடுத்தவர் சர்வரில், ஓட்டை தேடுகிற ஒரு ஸ்கேன்கூட ஓட்டாதீர்கள். "சும்மா பார்த்தேன்" என்பதைச் சட்டம் ஏற்காது. அதைவிட, அந்தப் பக்கத்தில் யாருடைய வேலை கெடும் என்பது உங்களுக்குத் தெரியாது. சொந்தக் கணினிக்குள் இன்னொரு கணினி போல ஓடுகிற விர்ச்சுவல் மெஷின் போட்டு, வேண்டுமென்றே ஓட்டையோடு உருவாக்கப்பட்ட பயிற்சி மென்பொருள்களை நிறுவி உடைத்துப் பாருங்கள். ஓட்டைகளைக் கண்டுபிடித்துப் புள்ளி எடுக்கிற கேப்சர் தி ஃபிளாக் போட்டிகள் இருக்கின்றன. தங்கள் மென்பொருளைச் சோதிக்கச் சொல்லிப் பணமே கொடுக்கிற நிறுவனங்களும் இருக்கின்றன. அவர்கள் போட்டிருக்கிற எல்லைக்குள் மட்டும் இருங்கள்.

ஒன்று கண்டுபிடித்துவிட்டால் என்ன செய்வது? பாதுகாப்பு ஆய்வாளர் டான் காமின்ஸ்கி செய்ததை நான் எப்போதும் சொல்வேன். 2008இல் டிஎன்எஸ்ஸின் அடிப்படையிலேயே ஒரு ஓட்டையைப் பார்த்தார். கேள்வியையும் பதிலையும் பொருத்துகிற அடையாள எண் 16 பிட், அதாவது 65,536 வாய்ப்புதான். அதை ஊகித்து, உண்மையான பதில் வருமுன் பொய்ப் பதிலை நுழைத்துவிட முடியும், ஒருமுறை தவறினாலும் உடனே மறுபடி முயல முடியும் என்று கண்டார். எந்த வங்கியின் பெயரைத் தட்டினாலும் திருடனின் சர்வருக்கு அனுப்பக்கூடிய விஷயம் இது. அவர் ஊருக்குச் சொல்லிப் பெயர் வாங்க அவசரப்படவில்லை. டிஎன்எஸ் மென்பொருள் செய்கிறவர்களிடம் ரகசியமாகப் பேசி, ஜூலை 8 அன்று பல நிறுவனங்கள் ஒரே நாளில் திருத்தம் வெளியிடும்படி செய்தார். கேள்வி கிளம்புகிற போர்ட்டையும் ஊகிக்க முடியாதபடி மாற்றியதுதான் திருத்தம்.

நீங்கள் எழுதப்போகிற கடிதம் இவ்வளவு பெரியதாக இருக்காது. ஆனால் முறை ஒன்றுதான். எந்தப் பதிப்பு, என்ன செய்தால் வருகிறது, என்ன ஆபத்து என்று தெளிவாக, மிரட்டல் தொனி இல்லாமல் எழுதுங்கள். நிரூபிக்கத் தேவையான அளவுக்கு மேல் யாருடைய தரவையும் தொடாதீர்கள். திருத்த அவகாசம் கொடுங்கள். இந்தத் துறையில் 90 நாள் என்பது பரவலாக வழக்கத்தில் உள்ள கெடு.

இப்போது ஏஐயிடம் கேட்டால் எந்தப் பிழைக்கும் ஒரு பதில் வருகிறது. நானும் கேட்கிறேன், நல்ல ஊகங்கள் கிடைக்கின்றன. ஆனால் அது ஊகம்தான். அந்த 5 நொடிக்கு அது சொல்லக்கூடிய காரணங்கள் பத்து இருக்கும். எது உண்மை என்று சொல்வது நம் இயந்திரத்தில் ஓடுகிற எஸ்ட்ரேஸ் வரிகள் மட்டுமே.

கடைசியாகக் கொடுப்பதைப் பற்றி. எக்ஸ்இசட் விஷயத்தில் எனக்கு மனசில் நின்றது பின்வாசலின் சாமர்த்தியத்தைவிட, அந்த நூலகத்தைப் பல ஆண்டுகளாக ஏறக்குறைய ஒரே மனிதர் சம்பளமில்லாமல் கவனித்துவந்தார் என்பது. வேகம் போதவில்லை என்று அவரைக் கடிதங்கள் நச்சரித்தன. அந்தக் களைப்பின் வழியாகத்தான் ஜியா டான் உள்ளே வர முடிந்தது. நாம் தினமும் பயன்படுத்துகிற எத்தனையோ மென்பொருள்கள் இப்படித்தான் ஓரிருவர் தோளில் நிற்கின்றன. ஹேக்கராக வேண்டும் என்கிறவர் அங்கே போய் உதவலாம். புது வசதி எழுதித் தருகிறேன் என்று தொடங்க வேண்டாம், அதைப் படித்துச் சரிபார்க்க அவருக்கு நேரம் இருக்காது. பழைய பக் ரிப்போர்ட்டுகளில் ஒன்றை எடுங்கள். இன்றைய பதிப்பில் அந்தப் பிழை இன்னும் வருகிறதா என்று ஓட்டிப் பாருங்கள். வந்தால், அதை வரவழைக்கிற மிகச் சிறிய உதாரணத்தைச் செய்து, உங்கள் பதிப்பு எண்ணோடு அங்கேயே எழுதுங்கள். வரவில்லை என்றால், எந்த மாற்றத்தில் சரியானது என்று பைசெக்ட் செய்து சொல்லுங்கள், அவர் அதை மூடிவிடலாம். அப்புறம் அடுத்த ரிப்போர்ட்டை எடுங்கள்.